லிட்டில் டோரிட்: டிக்கன்ஸின் அங்கதம் உண்மையில் யாரை நோக்கி?

நூல்வாசி

சார்லஸ் டிக்கன்ஸின் அரசியல் அங்கதம் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் ‘லிட்டில் டோரிட்’ நாவலின் ஒரே அத்தியாயத்தைத்தான் சொல்கிறார்கள். முதல் பகுதியின் பத்தாவது அத்தியாயம். ‘சர்க்கம்லொக்யூஷன் ஆபீஸ்’ என்கிற சுற்றிவளைப்பு அலுவலகம் அங்கேதான் வருகிறது. நாட்டில் எது நடக்க வேண்டுமானாலும் அந்த அலுவலகத்தின் வழியாகப் போயாக வேண்டும். போனது எதுவும் நடக்காது. ‘எதையும் செய்யாமல் இருப்பது எப்படி’ என்பதுதான் அதன் ஒரே கலை. பார்னக்கிள் என்ற ஒரே குடும்பத்தின் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லோரும் அங்கே பதவியில் இருக்கிறார்கள்.

அத்தியாயம் பிரமாதம்தான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் நாவல் சொல்வதில் பாதி கைநழுவிப் போகிறது என்பது என் எண்ணம். 1855 டிசம்பர் முதல் 1857 ஜூன் வரை மாதாமாதம் வந்த கதை இது. அதன் இரண்டாம் பகுதியில் மெர்டில் என்ற பெரும் பணக்காரர்தான் ஊர்ப்பேச்சு முழுக்க. அவர் என்ன தொழில் செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பணம் பண்ணுகிறார் என்பது மட்டும் தெரியும். நீதித்துறை, திருச்சபை, கருவூலம், கடற்படை எல்லாம் அவர் வீட்டு விருந்து மேசையில் உட்கார்ந்திருக்கின்றன. டிக்கன்ஸ் அந்த விருந்தாளிகளில் பலருக்குப் பெயர்கூட வைக்கவில்லை. ‘பார்’ (வழக்கறிஞர்), ‘பிஷப்’ என்று அவரவர் பதவியே பெயர்.

அலுவலகத்தைப் படிக்கும்போது, ‘ஆமாம், அவர்கள் அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கி நின்றுவிடலாம். மெர்டிலைப் படிக்கும்போது அப்படி ஒதுங்க முடியாது. அவரை உருவாக்கியவர்கள் அவரை வணங்கியவர்கள்தான். இந்த நாவலுக்கு டிக்கன்ஸ் முதலில் வைத்திருந்த தலைப்பு ‘யாருடைய குற்றமும் இல்லை’ என்பது. அந்தத் தலைப்பை மனதில் வைத்துக்கொண்டு முழு நாவலையும் படித்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இரண்டாமாண்டு_இலக்கியம்

ஐயா, எங்கள் பாடத்தில் டிக்கன்ஸ் என்றால் ஒரு சிறிய பகுதிதான். இந்த நாவலை நான் இன்னும் படிக்கவில்லை. டோரிட் என்பது யார், அலுவலகத்துக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று சுருக்கமாகச் சொன்னால் தொடர்ந்து படிக்க வசதியாக இருக்கும்.

நூல்வாசி

தாராளமாக, தம்பி.

வில்லியம் டோரிட் கடனைக் கட்ட முடியாமல் லண்டனில் மார்ஷல்சீ சிறையில் அடைபட்டவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் உள்ளேயே கிடக்கிறார். அவருடைய இளைய மகள் ஏமி சிறையிலேயே பிறந்தவள். வெளியே போய்த் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். அவள்தான் லிட்டில் டோரிட். ஆர்தர் கிளெனம் என்பவர் பல ஆண்டுகள் சீனாவில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறார். டோரிட்டின் கடன் விவரம் என்ன என்று விசாரிக்கத்தான் அந்த அலுவலகத்துக்குப் போகிறார். ‘எனக்குத் தெரிய வேண்டும்’ என்று கேட்கிறார். அப்படிக் கேட்பதே அங்கே அத்துமீறல். இளைய பார்னக்கிள் திகைத்துப் போகிறான். தெரிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இங்கெல்லாம் வரக் கூடாது என்று பதறுகிறான்.

அங்கேதான் டேனியல் டாய்ஸ் என்ற பொறியாளரைக் கிளெனம் சந்திக்கிறார். நாட்டுக்குப் பயன்படும் ஒரு கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டு பன்னிரண்டு ஆண்டுகளாக வாசல் வாசலாக அலைந்தவர். அவரைக் குற்றவாளி போலவே நடத்துகிறார்கள்.

பிறகு டோரிட்டுக்கு ஒரு பெரும் சொத்து வருகிறது. சிறையிலிருந்து நேராக இத்தாலிக்குப் பயணம். நாவலின் இரண்டு பகுதிகளுக்கும் பெயர் ‘வறுமை’, ‘செல்வம்’.

பழைய_கோப்பு

வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த அத்தியாயத்தைப் பற்றி என் தரப்பையும் சொல்ல வேண்டும்.

கோப்பு ஏன் மேசை மேசையாகப் போகிறது? ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பதற்காக. அந்தச் சுற்று இல்லையென்றால் ஒரு தாசில்தார் நினைத்தால் ஒரு ஏழையின் பட்டாவை ஒரே நாளில் மாற்றிவிடலாம். தாமதத்தில் பாதிக்கப்பட்டவனைப் பற்றி டிக்கன்ஸ் எழுதினார், அது நியாயம். அவசரத்தில் பாதிக்கப்படுகிறவனும் உண்டு. அவனை அந்த அலுவலகத்தில் நான் பார்க்கவில்லை.

இன்னொன்று. அங்கே வருகிற பார்னக்கிள்கள் எல்லோரும் பெரிய இடத்துப் பிள்ளைகள். மாதச் சம்பளத்துக்குக் குனிந்து பக்கம் பக்கமாக நகல் எடுக்கிற குமாஸ்தா எங்கே? அவன் பெயரில்தான் இந்த நகைச்சுவையை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அது வலிக்கிறது.

ஆனாலும் ஃபெர்டினாண்ட் பார்னக்கிள் என்ற இளைஞனை டிக்கன்ஸ் எழுதியிருக்கும் விதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். அவன் கெட்டவனே இல்லை. கிளெனமிடம் அன்பாகப் பேசுகிறான். இந்தப் படிவம், பிறகு அந்தப் படிவம், இங்கே அனுப்புவார்கள், அங்கே பதிவார்கள், நீங்கள் அவ்வப்போது வந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லித் தருகிறான். அந்த வழியில் போனால் எங்கும் போய்ச் சேர முடியாது என்பதும் அவனுக்குத் தெரியும். இப்படி ஒருவர் என்னோடு வேலை பார்த்தார். நல்ல மனிதர்.

மதுரை_வழக்கறிஞர்

பழைய கோப்பு ஐயா எழுப்பிய ஆட்சேபம் நாவல் முடிந்த அடுத்த மாதமே லண்டனில் எழுந்துவிட்டது. எழுப்பியவர் யார் என்பது நம் தொழிலில் இருப்பவர்களுக்கு முக்கியம்.

1857 ஜூலையில் ‘எடின்பரோ ரிவியூ’ இதழில் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் ஒரு கடுமையான கட்டுரை எழுதினார். நாவலாசிரியர்கள் தங்களுக்குத் தெரியாத அரசு நிர்வாகத்தைப் பற்றி மனம்போனபடி எழுதி மக்களை நம்பவைக்கிறார்கள் என்பது அவர் வாதம். அவருடைய தந்தை குடியேற்ற நாடுகள் துறையில் மிக உயர்ந்த அதிகாரியாக இருந்தவர். ஆகவே இந்தக் கோபத்தில் குடும்பத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று நினைக்க இடமிருக்கிறது.

இதே ஸ்டீஃபன்தான் 1869-இல் இந்தியாவுக்கு வைஸ்ராய் அவையின் சட்ட உறுப்பினராக வந்தவர். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் அவர் வரைந்தது. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை நம் நீதிமன்றங்களில் தினமும் நாங்கள் புரட்டியது அவருடைய பிரிவுகளைத்தான். இது உண்மையா, ஆதாரம் இருக்கிறதா என்று டிக்கன்ஸைக் கேட்ட அதே மனம்தான் அந்தச் சட்டத்தையும் எழுதியது. இது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

ஆனால் டிக்கன்ஸோடு மோதியதில் அவர் தோற்றார் என்றே சொல்வேன். அரசு புதுமைக்கு எதிரி இல்லை என்று காட்ட ஸ்டீஃபன் எடுத்த உதாரணம் ரோலண்ட் ஹில், ஒரு பென்னி அஞ்சல் திட்டத்தைத் தந்தவர். டிக்கன்ஸ் 1857 ஆகஸ்ட் 1 தேதியிட்ட தன் வார இதழில் பதில் எழுதினார். ஹில் தன் திட்டத்தை 1837-இல் வெளியிட்டார். அதிகாரிகள் எதிர்த்தார்கள். பொதுமக்கள் தந்த நெருக்கடியால் 1840-இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1842-இல் அவரைப் பதவியிலிருந்தே அனுப்பிவிட்டார்கள், பிறகுதான் திரும்ப அழைத்தார்கள். இது அப்படியே டாய்ஸ் கதை. சாட்சியைக் கூப்பிட்டது ஸ்டீஃபன். அந்தச் சாட்சி எதிர்த்தரப்புக்கே உதவிவிட்டார்.

பேராறு

அந்தக் காலப் பின்னணியைச் சேர்க்காமல் இந்த அத்தியாயத்தின் கோபம் புரியாது.

1854–55 குளிர்காலத்தில், ரஷ்யாவோடு நடந்த போரில், கிரிமியாவில் பிரிட்டிஷ் படை செத்துக்கொண்டிருந்தது. குண்டுபட்டுச் செத்தவர்களைவிட நோயிலும் குளிரிலும் செத்தவர்கள்தான் அதிகம். பாலக்லாவா துறைமுகத்தில் பொருட்கள் தேங்கிக் கிடந்தன, சில மைல் தொலைவில் இருந்த முகாமுக்குப் போய்ச் சேரவில்லை. வறுக்காத பச்சைக் காப்பிக்கொட்டையைச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள், அதை வறுக்க விறகு கிடையாது. 1855 ஜனவரியில் விசாரணைக் குழு வேண்டும் என்று நாடாளுமன்றம் வாக்களித்ததில் பிரதமர் அபர்டீனின் அரசே கவிழ்ந்தது. நாவலின் முன்னுரையில் டிக்கன்ஸ் இந்தப் போரையும், அது தொடர்பாகச் செல்சியில் நடந்த விசாரணையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்.

1855 ஜூன் 27 அன்று டிரூரி லேன் அரங்கில் நிர்வாகச் சீர்திருத்தச் சங்கத்தின் கூட்டத்தில் அவர் பேசியதும் இந்த அத்தியாயமும் ஒரே மூச்சில் வந்தவை. அந்தப் பேச்சில் ஒரு கதை சொன்னார். பிரிட்டிஷ் கருவூலத்தில் பல நூறு ஆண்டுகளாகக் கணக்கைக் குச்சிகளில் வெட்டுப்போட்டுத்தான் வைத்திருந்தார்கள். காகிதமும் பேனாவும் வந்து எத்தனையோ தலைமுறை ஆன பிறகும் குச்சி போகவில்லை. ஒருவழியாக 1826-இல் ஒழித்தார்கள். குவிந்து கிடந்த குச்சிகளை என்ன செய்வது? ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்கிற வழக்கம் இல்லையே! 1834-இல் பிரபுக்கள் அவையின் அடுப்பில் போட்டு எரிக்க உத்தரவானது. தீ பரவி நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் எரிந்து போயின. நடந்த சம்பவம் இது. இதைவிடப் பெரிய அங்கதத்தை டிக்கன்ஸால்கூடக் கற்பனை செய்திருக்க முடியாது.

சென்னைக்காரர்களுக்கு ஒரு தகவல். வேலைக்குச் சிபாரிசு வேண்டாம், தேர்வு வைத்து ஆள் எடுங்கள் என்று 1854-இல் அறிக்கை தந்த இருவரில் ஒருவர் சார்லஸ் டிரெவெல்யன். சோம்பேறிகளும் திறமையற்றவர்களும்தான் அரசுப் பணியைத் தேடி வருகிறார்கள் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. பார்னக்கிள் குடும்பம் வெறும் கற்பனை இல்லை என்பதற்கு அரசுத் தரப்பிலிருந்தே வந்த சாட்சி அது. அவர்தான் 1859-இல் சென்னை மாகாண கவர்னராக வந்தார். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் உருவாக்கியது. கல்கத்தா அரசின் வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால் அடுத்த ஆண்டே லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆனால் அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்தைக் கருவூலத்திலிருந்து நடத்தியவரும் இவரே. அங்கே அவர் காட்டிய கடுமையை அயர்லாந்துக்காரர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. திறமையும் ஒழுங்கும் உள்ள அதிகாரி என்றால் மனிதாபிமானமும் தானாக வந்துவிடாது என்பதையும் பார்க்க வேண்டும்.

வன்னி_வாசகி

எல்லோரும் டிக்கன்ஸைப் புகழும்போது இதையும் சொல்லவேணும். நாவல் முடிந்தது 1857 ஜூனில். அதே ஆண்டு ஒக்டோபரில், இந்தியாவில் சிப்பாய்ப் புரட்சிச் செய்தி வந்த பிறகு, அவர் ஏஞ்சலா பேர்டெட் கூட்ஸ் அம்மையாருக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் இந்தியாவில் தளபதியாக இருந்தால் அந்த இனத்தையே அழித்தொழிக்க முயல்வேன் என்று எழுதினார். அதற்குச் சில மாதங்களுக்கு முதல்தான், மக்களை மக்களாகப் பார்க்காத அரசு என்று நாவல் முழுக்கப் பொரிந்து தள்ளியிருந்தார்.

கிளெனம் குடும்பத்தின் வியாபாரம் சீனாவில். அது என்ன வியாபாரம் என்று நாவல் ஒரு வரிகூடத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்துச் சீன வியாபாரம் என்றால் அபின் என்ற நினைப்பு வராமல் எப்படி இருக்கும்? மெர்டிலின் பணம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை என்று டிக்கன்ஸ் கண்டிக்கிறார். கிளெனமின் பணத்தைப் பற்றி அவரே கேட்கவில்லை. அவரது அங்கதம் இங்கிலாந்தின் கரையோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் முறைப்பாடு.

நூல்வாசி

வன்னி வாசகி சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். அந்தக் கடிதம் கொடூரமானது. ஒரு வேகத்தில் எழுதியது என்று சமாதானம் சொல்லவும் முடியாது, அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் கதையிலும் அதே மனநிலைதான் இருக்கிறது. இந்த நாவலை நேசிக்கிறவர்கள் அந்தக் கடிதத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

கிளெனமைப் பற்றி மட்டும் ஒன்று. தன் குடும்பத்துப் பணத்தில் ஏதோ அநியாயம் கலந்திருக்கிறது என்ற சந்தேகத்தோடுதான் அவர் கதைக்குள்ளேயே வருகிறார். அம்மாவிடம் கேட்கிறார், அம்மா வேத புத்தகத்தைக் காட்டி வாயை அடைக்கிறாள். அந்த அநியாயம் லண்டனில் நடந்ததாகவே நாவல் முடித்துவிடுகிறது. நீங்கள் சொல்வதுபோலக் கடலைத் தாண்டிப் போகவில்லை.

இனி மெர்டிலுக்கு வருகிறேன். 1856 பிப்ரவரியில் ஜான் சாட்லியர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், வங்கிக்காரர், ஹாம்ப்ஸ்டெட் ஹீத் மைதானத்தில் விஷம் குடித்துச் செத்துக் கிடந்தார். டிப்பரரி வங்கி திவாலானது, அயர்லாந்தில் சிறு விவசாயிகளின் சேமிப்பு போனது. சில காலம் முன்புதான் அவர் அரசில் கருவூலப் பதவி வகித்தவர். மெர்டிலுக்கு முன்மாதிரி அவர்தான். முன்னுரையில் ‘ஒரு ஐரிஷ் வங்கி’ என்று டிக்கன்ஸே தொட்டுக் காட்டுகிறார்.

மெர்டில் வில்லனாக நடமாடுவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். தன் வீட்டுப் பட்லரைப் பார்த்துப் பயப்படுகிற, சரியாகச் சாப்பிடக்கூட முடியாத மனிதர். தன் மணிக்கட்டுகளைத் தானே பிடித்துக்கொண்டு நடக்கிறார், போலீஸ்காரன் கைது செய்து கூட்டிப் போவதுபோல. கதையின் பாதியிலேயே டிக்கன்ஸ் நம் கண்முன் உண்மையை வைத்துவிடுகிறார், பார்த்தவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. மகன் முறையாகிற ஸ்பார்க்லருக்கு ஒரு பதவி வாங்க அவர் வைக்கும் விருந்தைப் பாருங்கள். விருந்து முழுக்க லார்ட் டெசிமஸ் பார்னக்கிளும் மெர்டிலும் சில நிமிடம் தனியாக நிற்க வேண்டும் என்பதற்காகவே எல்லோரும் பாடுபடுகிறார்கள். வேறொன்றும் நடப்பதில்லை. ஸ்பார்க்லர் அந்த அலுவலகத்தில் ஒரு பிரபு ஆகிவிடுகிறான். பணமும் அதிகாரமும் கைகுலுக்கும் காட்சி அவ்வளவுதான்.

அடுத்த அத்தியாயத்தில் மெர்டில் மோகம் என்ற அந்த ஜுரம் ‘பிளீடிங் ஹார்ட் யார்ட்’ குடியிருப்பின் ஏழைகள்வரை இறங்குகிறது. மெர்டிலின் பணத்தில் ஒரு காசுகூடக் கிடைக்காதவர்கள் அவர் பெருமையைப் பேசுகிறார்கள். வாடகை வசூலிக்கும் பேங்க்ஸ், நேர்மையானவர், கணக்கில் கெட்டி. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், பத்திரமானது என்று கிளெனமிடம் சொல்கிறார். கிளெனமும் டாய்ஸுடன் கூட்டாக நடத்திய தொழிலின் பணத்தைப் போடுகிறார். பிறகு மெர்டில் தன் மருமகளிடம் ஒரு பேனாக்கத்தி இரவல் கேட்கிறார். மை படாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்கிப் போகிறார். குளியலறையில் அதைக் கொண்டே உயிரை விடுகிறார். கிளெனம் போய்ச் சேருவது அதே மார்ஷல்சீ சிறைக்கு.

அங்கே அவரைப் பார்க்க வருகிறவன் பழைய கோப்பு ஐயாவின் ஃபெர்டினாண்ட்! மெர்டில் போனால் என்ன, மோசடியில் அதே அளவு திறமையுள்ள அடுத்த ஆள் வந்தால் அவனும் இதேபோல வெற்றி பெறுவான் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறான். அலுவலகமும் மெர்டிலும் வேறுவேறு கதை இல்லை, மக்களின் அதே சம்மதத்தில்தான் இரண்டும் நிற்கின்றன என்று நான் சொல்வது இந்த இடத்தை வைத்துத்தான். மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலைவிட லிட்டில் டோரிட்தான் அதிகக் கலகம் செய்கிற புத்தகம் என்று பெர்னார்ட் ஷா சொன்னது மிகை இல்லை.

செங்காந்தள்

மெர்டில் பற்றிச் சொன்னது சரி. ஆனால் எனக்கு இந்த நாவலின் உச்சம் வில்லியம் டோரிட்தான். அரசையும் வங்கியையும் விட்டுவிடுங்கள், அந்தஸ்து என்ற நோய் சிறைக்குள்ளேயே எப்படி வாழ்கிறது என்று இந்த அளவுக்கு எழுதியவர் வேறு யாரும் எனக்குத் தெரியாது.

கடன்காரராக உள்ளே வந்தவர் நாளடைவில் ‘மார்ஷல்சீயின் தந்தை’ ஆகிவிடுகிறார். புதிதாக வருகிறவர்களை அறிமுகம் செய்துவைக்க வேண்டும். விடுதலையாகிப் போகிறவர்கள் ஏதாவது காசு வைத்துவிட்டுப் போவார்கள். பிச்சை என்று யாரும் சொல்வதில்லை, அது மரியாதைக் காணிக்கை. மகள் வேலை செய்கிறாள் என்பது தெரியாததுபோலவே நடிக்கிறார், அவள் கொண்டுவரும் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார். ஏழைகள் விடுதியில் இருக்கும் கிழவர் நேண்டியைத் தனக்குக் கீழானவராக நடத்துவார். கீழே ஒருவர் கிடைத்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.

செல்வம் வந்ததும் பெண்களுக்கு நாகரிகம் கற்றுக்கொடுக்க ஜெனரல் என்ற அம்மையார் வேலைக்கு வருகிறார். உதடு அழகாக இருக்க ‘ப்ரூன்ஸ், பிரிஸம்’ என்று சொல்லிப் பழக வேண்டுமாம். அசிங்கமான எதையும் பார்க்கக் கூடாது, யாரைப் பற்றியும் கருத்து இருக்கக் கூடாது. கருத்தே இல்லாத பெண்ணாக மாற ஏமியால் முடியவில்லை. அதற்காக அப்பா அவளைத் திட்டுகிறார்.

ரோம் நகரில் மெர்டில் அம்மாள் கொடுக்கும் விருந்தில் டோரிட்டின் மனம் தடம் புரள்கிறது. எழுந்து நின்று, பட்டும் வைரமும் போட்ட அத்தனை பேரையும் மார்ஷல்சீ சிறைக்கு வரவேற்கிறார். காணிக்கை பற்றியும் பேசுகிறார். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களும் கைதிகள்தான் என்று டிக்கன்ஸ் எங்கும் எழுதவில்லை. எழுதாததால்தான் அது அப்படி அறைகிறது.

1824-இல் டிக்கன்ஸின் அப்பாவே ஒரு ரொட்டிக்கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய 40 பவுண்டு கடனுக்காக இதே சிறையில் இருந்தவர். அப்போது மகனுக்கு 12 வயது. பூட்ஸ் பாலிஷ் தயாரிக்கும் கிடங்கில் வேலைக்குப் போனான். அந்த அப்பாவின் மேல் மகனுக்கு இருந்த கோபமும் பாசமும் சேர்ந்துதான் டோரிட் உருவாகியிருக்கிறார் என்று நம்புகிறேன்.

பழைய_கோப்பு

செங்காந்தள் அம்மா, அந்த நேண்டி இடம் என்னையும் உலுக்கியது.

நூல்வாசி சொன்ன சம்மதம் பற்றி ஒன்று. பிளீடிங் ஹார்ட் யார்டின் சொந்தக்காரர், வெள்ளைமுடிக் கிழவர் காஸ்பியை எல்லோரும் சாது என்று கும்பிடுகிறார்கள், பேங்க்ஸை அட்டை என்று ஏசுகிறார்கள். ஏழைகளிடம் இன்னும் பிழி, இன்னும் பிழி என்று பேங்க்ஸைப் பின்னாலிருந்து தள்ளுவது காஸ்பிதான். கடைசியில் பேங்க்ஸ் பொறுக்க முடியாமல், குடியிருப்பவர்கள் எல்லோரும் பார்க்க, காஸ்பியின் அந்த நீண்ட முடியைக் கத்தரித்து விடுகிறார். குமாஸ்தாவின் இடம் எங்கே என்று கேட்டிருந்தேன். இதுதான் அவன் இடம் என்று இப்போது தோன்றுகிறது. டிக்கன்ஸிடம் எனக்கு இருந்த குறை முக்கால்வாசி தீர்ந்தது. மீதிக் குறை இருக்கட்டும். காஸ்பியாவது முடியை இழந்தார், பார்னக்கிள்களுக்கு நாவலில் ஒரு கீறல்கூட விழவில்லையே.

இரண்டாமாண்டு_இலக்கியம்

நூலகத்திலிருந்து எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். முதல் பகுதியின் முடிவில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். சொத்து வந்து, கடனையெல்லாம் கட்டிவிட்டு அப்பா வெளியே வரப் போகிறார் என்றதும் ஏமி கிளெனமிடம் கேட்கிறாள்: இத்தனை ஆண்டு சிறையில் இருந்து கஷ்டப்பட்டவர், இப்போது பணத்தையும் கட்டத்தான் வேண்டுமா? சிறையின் கறை அவள் மனதில் படிந்த ஒரே இடம் என்று கிளெனம் நினைத்துக்கொள்கிறார். எனக்கு அவள் கேட்டது நியாயமாகத்தான் தெரிகிறது. சட்டப்படி இதற்கு என்ன பதில்?

மதுரை_வழக்கறிஞர்

தம்பி, நல்ல இடத்தில் நின்றீர்கள். கிளெனம் அதைக் கறை என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாவல் முழுவதிலும் சட்டத்தைப் பார்த்துக் கேட்ட மிக நேரான கேள்வி அது.

மார்ஷல்சீ 1842-இலேயே மூடப்பட்டது. கடனுக்குச் சிறை என்பதை இங்கிலாந்து பெருமளவு ஒழித்தது 1869-இல். அப்போதும் முழுதாக ஒழியவில்லை. வசதி இருந்தும் கட்டவில்லை என்று நீதிபதி கருதினால் சிறைக்கு அனுப்பலாம் என்று வைத்தார்கள். அந்த வழியில் சிறு கடன் வாங்கிய தொழிலாளர்கள் பல ஆண்டுகள் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

நம் நாட்டில் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் சிவில் சிறை இன்றும் இருக்கிறது. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை என்றால் அதிகபட்சம் மூன்று மாதம். பணம் கட்டச் சொல்லும் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது. உள்ளே இருப்பவரின் சாப்பாட்டுச் செலவை வழக்குப் போட்டவரே கட்ட வேண்டும். வெறுமனே கட்ட முடியாத ஏழையைச் சிறையில் போடக் கூடாது, கெட்ட எண்ணத்தோடு ஏய்ப்பது நிரூபணமாக வேண்டும் என்று 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு சொல்கிறது. கட்ட முடியாதவர்களுக்காக நிறைவேற்று மனுவில் நாங்கள் முதலில் எடுத்து வைப்பது அந்தத் தீர்ப்பைத்தான்.

ஏமியின் கேள்விக்கான பதில் அதே சட்டத்தின் 58-ஆம் பிரிவில் இருக்கிறது. சிறையிலிருந்து விடுதலையானார் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் கடனிலிருந்து விடுபட மாட்டார். அதே தீர்ப்புக்காக அவரை மறுபடி கைது செய்ய முடியாது, அவ்வளவுதான். அவருடைய சொத்தின் மேல் கடன் அப்படியே நிற்கும்.